சுண்டைக்காய் மாதிரி

“ஏனுங்க, சுண்டக்கா ஏது?” விரதமிருந்த பொற்கொடி, கணவன் வைத்த குழம்பை அவனுக்கே ஊற்றினாள்.

“பால்கனியில காய்ச்சுக் கெடந்துச்சு. வூட்டுக்காரிக்குத்தான் கண்ணு தெரியல!” என்று சிரித்தான் இளவழகன்.

பால்கனியில் இருந்தது விதை போட்டு முளைத்த உருளைக்கிழங்கு; அது காய்த்து அவர்கள் பார்த்ததேயில்லை. அதன் காய் விஷமென்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். அவன் வீடு திரும்பவில்லை.

நடுவதற்கு உருளை விதைக்கிழங்கு அற்றுப்போனதிலிருந்து, அரசு உத்தரவால் வீட்டுக்கு வீடு இந்தச் செடிதான். காயிலிருந்து விதையெடுத்து அரசிடம் ஒப்படைக்காதவர்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது.

“இங்க வந்துரும்மா,” என்று போனில் அழுதாள் மகள்.

“உங்கப்பா ஒண்ணுவிடாமப் பறிச்சுட்டாரே கண்ணு. மறுபடி காய்க்கோணும்.”

பொற்கொடி தினமும் தண்ணீர் ஊற்றினாள். செடி மறுபடி காய்த்தது. காய்கள் அச்சு அசல் சுண்டைக்காய் மாதிரியே இருந்தன.