புரதம் இருபது

உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓட்டலில் கோழி சுடுகிற பழனிக்கு, தட்டைப் பார்த்ததும் சத்துக் கணக்குப் போடச் செல்போனை எடுக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. நேற்று அப்படி ஒருத்தர், "கிரில் சிக்கன் சீஸ் சாண்ட்விச்சில் புரதம் எவ்வளவு?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றான் பழனி. அவர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

"இன்னொரு ஆளு இப்படி எழுந்து போனா, அவரு பின்னாலயே நீயும் போய்க்கினே இரு" என்று கத்தினார் முதலாளி சின்னராசு.

இன்று ஒரு ஜிம் மாஸ்டர் காரிலிருந்து இறங்கினார். பக்கத்து மேசையில் பரோட்டா தின்றவர்களைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதே சாண்ட்விச். அதே கேள்வி.

பழனி மூச்சுவிடாமல் ஒப்பித்தான்: "புரதம் இருபது, கொழுப்பு மூணு, நார்ச்சத்து பன்னெண்டுங்க."

"சீஸ் போட்டுமா கொழுப்பு மூணு?"

"நம்ம சீஸு அப்படிங்க."

மாஸ்டர் போனில் குறித்துக்கொண்டார். ஒன்றுக்கு மூன்றாக வாங்கித் தின்றார். "சத்து தெரிஞ்சு சாப்பிடறவன்தான் மனுஷன். மத்ததெல்லாம் மாடு!" என்று பரோட்டா மேசைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் காரேறினார்.

சின்னராசுக்கு வாயெல்லாம் பல். "ஏன்டா, இதெல்லாம் எங்கடா படிச்ச?"

"முன்ன ரிஷிவந்தியத்துல ஒரு பண்ணையில வேலை செஞ்சேனுங்களே, அங்க மூட்டை மேல எழுதியிருக்கும். தெனம் தூக்கித் தூக்கி மனப்பாடம் ஆயிடுச்சு."

"இன்னா மூட்டை?"

"கறவை மாட்டுத் தீவனமுங்க."

சின்னராசு வாயைப் பிளந்தார். பழனி அடுத்த கோழியைக் கம்பியில் குத்தினான்.

"அதத் தின்ன மாடு பாலாவது குடுத்துச்சு."