கௌரிக்கு ஒரு வாய்

"பயப்படாதீங்கக்கா. உங்க வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அப்படி அடிக்கிறா."

மாதேஸ்வரி சொன்னது சரோஜம்மாளின் காதில் விழவில்லை. இரும்புக் கதவு தடதடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. மொபெட்டை விட்டு இறங்கியவள், மகன் மணிவேலின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

உத்தனப்பள்ளிக்கு அப்பால், கம்பெனி மதில்கள் முடிந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தச் சிம்பன்சி காப்பகம். சர்க்கஸிலிருந்தும் பணக்காரர் பங்களாக்களிலிருந்தும் மீட்டு வந்தவை. அவற்றைக் குழந்தைகள் மாதிரி பார்த்துக்கொண்டவர் அவள் கணவர் ராமப்பன். மொபெட்டும் அவருடையதுதான். போன மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த பிறகும் வாசல் தாண்டாமல் கிடந்த சரோஜம்மாளை, மணிவேல்தான் இன்றைக்கு விடாப்பிடியாகக் கூட்டி வந்திருந்தான்.

கதவை அடித்தவள் கௌரி. கூட்டத்திலேயே மூத்தவள். கம்பி வலைக்குப் பின்னாலிருந்து வண்டியைப் பார்த்தாள், மணிவேலைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கூண்டுக்குள் இங்கும் அங்கும் நடக்க ஆரம்பித்தாள்.

"அண்ணன் போனதுல இருந்து இப்படித்தான்க்கா" என்றாள் ராமப்பனோடு வேலை பார்த்த மாதேஸ்வரி. கௌரி வாயில் எதையும் வைப்பதில்லையாம். இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் பெங்களூரு டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமாம். இந்த வயதில் மயக்கம் தெளிவது சந்தேகமாம். டிரிப்ஸ் என்றதும் மணிவேல் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கே சோறு எறங்கல. இவளுக்கு நான் எங்க ஊட்டறது?"

எப்படி ஊட்ட வேண்டும் என்று சரோஜம்மாளுக்குத் தெரியும். முன்பு கௌரியை வைத்திருந்தவன் தீனியில் மயக்க மருந்து கலந்து கொடுத்தே ஊர் ஊராகக் கொண்டுபோனான். அதனால் எதிரில் இருப்பவர் முதலில் சாப்பிட்டால்தான் கௌரி தொடுவாள். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ராமப்பன் ஒரு வாய், கௌரி ஒரு வாய். வீட்டுக்கு வந்தால், கௌரியோடு சாப்பிட்டேன், பசியில்லை என்பார். ஆசையாக வைத்த குழம்பை மூடி வைக்கும்போதெல்லாம் சரோஜம்மாள் இந்தக் கௌரியைத்தான் திட்டுவாள்.

"நீயே தின்னு காட்டேன்."

"காட்டியாச்சுக்கா. என் மூஞ்சியப் பாத்தாலே திரும்பி உக்காந்துக்கறா. அண்ணன் வீட்டு ஆளுன்னா ஒருவேளை நம்புவா."

முடியாது என்று சரோஜம்மாள் திரும்பினாள். உடனே கதவு மறுபடி அதிர்ந்தது. பிறகு நடை. சுவருக்கும் வலைக்கும், வலைக்கும் சுவருக்கும். ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் சரோஜம்மாள் நடக்கிற அதே நடை.

"சரி, கொண்டா" என்று தரையில் உட்கார்ந்தாள்.

கீரையும் ராகிக் களியுமாக இரண்டு தட்டு வந்தது. முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினாள். கௌரி நடையை நிறுத்திவிட்டு அவள் தொண்டையையே பார்த்தாள். பிறகு எதிரே வந்து உட்கார்ந்து, நகத்தளவு களியைக் கிள்ளி உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடறா பாருங்க. நிறுத்திடாதீங்கக்கா."

நிறுத்தினால் கௌரியும் நிறுத்திவிடுவாளோ என்று சரோஜம்மாளுக்குப் பயம். "அவரு வரமாட்டாருடி. நீ தின்னு" என்று சொல்லிச் சொல்லி உருட்டி விழுங்கினாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கை ஓயவில்லை. அவள் தட்டு காலியானபோது கௌரியின் தட்டில் முக்கால் உருண்டை அப்படியே இருந்தது. கௌரி அதை மெல்ல வலையோரம், அவள் பக்கம் தள்ளினாள்.

அந்த நேரம் பார்த்து, பாத்திரம் எடுக்க வாளியோடு வந்து சேர்ந்தார் சமையல்கார நாராயணப்பன்.

"என்ன மாதேஸ்வரி, மறுபடியும் களியா? காலையில ரெண்டு உருண்டை, மத்தியானம் ரெண்டு உருண்டை தின்னுட்டு ஏப்பம் விட்டவ இந்தக் கௌரி. வயிறு கெட்டா யாரு பாக்கறது?"

மாதேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மணிவேல் கையிலிருந்த வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சரோஜம்மாள் தன் காலித் தட்டைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கும் கௌரி சாப்பிடமாட்டா, இல்லியா மாதேசு? எத்தன மணிக்கு வரட்டும்?"