ஃப்ளாய்டின் கைராசி

புதரடியில் குப்புறப் படுத்திருந்த ஃப்ளாய்டின் முழங்காலை எறும்புகள் பதம் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் அசையவில்லை. பதினோராம் நம்பர் பூட்ஸ் போட்ட அந்தத் தடியனை இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று வைராக்கியமாகக் கிடந்தான்.

பக்கத்தில் கிடந்த அவன் சித்தப்பா மகன் கில்பர்ட், புழுதியில் பதிந்திருந்த பழைய தடத்தைச் சாண் போட்டு அளந்தான்.

"அண்ணே, இது உன் காலு அளவு. நீயே தூக்கத்துல நடந்து வந்து செடியைப் பிடுங்கிட்டுப் போறியோ?"

"வாயை மூடுடா. நானே வெறியில இருக்கேன்."

வெறிக்கு நியாயம் இருந்தது. குன்று முழுக்க மணக்கும் வெள்ளை சேஜ் செடி. சாவோ பிறப்போ புது வீடோ, அமெரிக்கப் பழங்குடிகளான அவர்கள் ஜனத்துக்கு இதன் இலைப்புகைதான் முதலில். கேட்டால் கொடுப்பார்கள், விற்கமாட்டார்கள். போன வருஷம் யாரோ லாரியோடு வந்து மூட்டை மூட்டையாக அறுத்துப்போய், நகரத்து யோகா கடைகளில் கட்டுக் கட்டாக விற்றுவிட்டார்கள். பாதிக் குன்று மொட்டை.

அதைப் பார்த்துத்தான் ஃப்ளாய்ட் போன மாதம் கொல்லையில் இருபது கன்று நட்டான். வேண்டியதைத் தோட்டத்தில் பறித்துக்கொண்டால் குன்று கொஞ்சம் மூச்சு விடுமே என்பது அவன் திட்டம். இன்று பத்து மணிக்கு, ஜனத்தின் நிலத்துக்குப் பொறுப்பான இன மன்றத்தார் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பெரிய தோட்டமாகப் போடப் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கர் கிடைக்கும்.

அறுபது வயதில் முதல்முறையாக அவன் தொட்டது துலங்கப் போகிறது. கோழி வளர்த்தான், செத்தது. தேனீ வளர்த்தான், ஓடிப்போனது. கோழி செத்தபோது நாலு நாள் சோறு தண்ணியில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன்.

"சொன்னா நம்பமாட்டே கில்பர்ட்டு. சாயங்காலம் துவண்டு கிடக்கிற கன்னு, மறுநாள் பார்த்தா விறைப்பா நிக்குது. ரெண்டு வேளையும் குழாயைப் பிடிச்சு வயிறு ரொம்ப ஊத்துறேன்ல? எல்லாம் கைராசி!"

"உனக்கா? கைராசியா? எதுக்கும் அந்தக் கோழிங்களை ஒரு வார்த்தை கேட்டுக்க."

ஒரு மாதமாகத்தான் இந்தப் புதுத் திருட்டு. அறுப்பு இல்லை. இளங்கன்றாகப் பார்த்து வாரத்துக்கு மூன்று நாலு, வேரோடு. மன்றத்தார் காதில் விழுந்தால், 'குன்றில் இருக்கிறதைக் காக்கத் துப்பில்லை, இவனுக்கு இரண்டு ஏக்கர் ஒரு கேடா?' என்பார்கள்.

ஏற்கெனவே மூன்று முறை காவல் கிடந்தும் ஆள் சிக்கவில்லை. மூன்றாம் முறை முழங்கால் பூசணிக்காயாக வீங்கியதில், "இனிமே குன்றுப் பக்கம் போனே, மிச்சக் காலை நான் உடைப்பேன்" என்று மனைவி வெர்னா சொல்லிவிட்டாள். அதனால் இன்று, மன்றத்தாருக்கு டோனட் வாங்க டவுனுக்குப் போவதாகப் புளுகிவிட்டு விடியுமுன்பே கிளம்பி வந்திருக்கிறான்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல" என்றான் கில்பர்ட். "பிடுங்கின குழியில எல்லாம் ஒரு சிட்டிகை புகையிலை கிடக்கு. செடிகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கான். அப்ப நம்ம ஆளுதான்."

"நம்ம ஆளு வேரோட பிடுங்குவானா? இலை பறிச்சாலே மூணுல ஒரு பங்குக்கு மேல தொடமாட்டோம். எவனோ நம்ம வழக்கத்தையும் சேர்த்துல்ல திருடுறான்!"

சரளைக்கல் நொறுங்கியது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

தொளதொளத்த கோட்டு, தலையை மூடிய தொப்பி, ஒரு கையில் வாளி, மறு கையில் மண்வெட்டி. வந்த உருவம் ஒரு பெரிய செடியின் நிழலில் இருந்த கன்றின் முன் குந்தி, சிட்டிகை புகையிலை வைத்து, ஏதோ முணுமுணுத்தது. பிறகு சுற்றிலும் பதமாக மண்ணை வெட்டி, வேர் அறாமல் கன்றைத் தூக்கி வாளியில் வைத்தது. அடுத்த கன்று. அதற்கடுத்த கன்று.

"திருட்டுப் பயலே!" என்று ஃப்ளாய்ட் பாய்ந்தான். பாய்ந்தது வாய் மட்டும்தான். முழங்கால் மளுக்கென்று பிடித்துக்கொள்ள, நாலு காலில் தவழ்ந்து போய்த் திருடனின் பூட்ஸைக் கட்டிப் பிடித்தான்.

பிடித்த பூட்ஸை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வலது காலில் அவனே ஒட்டிய ஒட்டு. வாசலில் எப்போதும் கிடக்கும் அவனுடைய பழைய ஜோடி.

மெல்ல நிமிர்ந்து பார்த்தான். தொப்பிக்குள் வெர்னா.

"டோனட் எங்கய்யா?" என்றாள் அவள்.

கில்பர்ட் ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஃப்ளாய்ட் பிடித்த பூட்ஸை விடவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளா குன்றை மொட்டையடிப்பது?

"வெர்னா... நீயா? எவனுக்கு விக்கிறே? மன்றத்து ஆளுங்க வர்ற நாளும் அதுவுமா என் தலையில மண்ணை அள்ளிப் போட்டியே!"

"விக்கிறேனா!" வெர்னாவின் கண் கலங்கிவிட்டது. வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நட்டதை வாரத்துக்கு மூணு நாலா தண்ணி ஊத்தியே சாகடிக்கிறேய்யா நீ. ஒரு மாசமா உன் கைராசி நான்தான்!"