ஒரு வாக்காளரின் குறை

ரானுயி என்ற வெளிநாட்டுப் புறநகரில் எம்.பி. கௌரியின் அலுவலகத்தில் அரவிந்த் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குறை சொல்ல வந்த பெரியவர் மேசையைத் தட்டினார்.

“பார்லிமென்ட்டில எந்நேரமும் ஆப்பிரிக்கச் சனத்துக்காகத்தான் கதைக்கிறா. அவையளுக்கு மண்டபம், அவையளுக்கு ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர். என்ர குறையைக் கேட்க மட்டும் நேரமில்லை!”

“மெதுவா சார்.” அடுத்துக் காத்திருந்த சோமாலியப் பெண் ஹோடனை அரவிந்த் சங்கடத்தோடு பார்த்தான். “அவங்களுக்குத் தேவை இருக்கு, மேடம் கேக்கறாங்க.”

“ஓம், அதுக்குத்தானே நானும் வோட்டுப் போட்டனான்!”

உள்ளறைக் கதவு திறந்தது. கௌரி திகைத்து நின்றார்.

“இஞ்ச என்னப்பா செய்யிறியள்?”

“வீட்டில உம்மைப் பிடிக்க ஏலாது. அதுதான் இஞ்ச வந்தனான். இண்டைக்கு எங்கட கலியாண நாள். ஒருக்கா ஒண்டா இருந்து சாப்பிடுவமா?”

“சனம் காத்துக்கொண்டு நிக்குதப்பா…”

என்ன சண்டை என்று ஹோடன் கேட்டாள். அரவிந்த் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னான். அவள் எழுந்து உள்ளறைக்குப் போய் கௌரியின் கைப்பையை எடுத்துவந்து பெரியவர் கையில் திணித்துவிட்டு, ஆங்கிலத்திலேயே கௌரியிடம் சொன்னாள்:

“எங்களுக்காகப் பேச நீங்க இருக்கீங்க கௌரி. இந்த மனுஷனுக்கு யார் இருக்காங்க? கிளம்புங்க. மண்டபத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கலாம்.”