கடையின் குரல்

புதிதாகத் திறக்கவிருந்த ஓர் இணையக் கடைக்குக் கோகிலா விளம்பரம் எழுதினாள். எல்லாம் ஒரே குரலில் ஒலிக்க வேண்டும் என்று நிறுவனம் அவள் கழுத்தில் ஒரு வில்லையை ஒட்டியிருந்தது. திறப்பு நாள்வரை அவள் எதைப் பேசினாலும் கடையின் வார்த்தைகளாகத்தான் வெளியே வரும். அந்த வில்லையை நிறுவனத்தால் மட்டுமே கழற்ற முடியும்.

அன்று மதியம் மகள் மிதுனாவுக்கு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்தது. கோகிலா பதறிப்போய் ஆம்புலன்சை அழைத்தாள். குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்கள் செல்லத்தின் ஒவ்வொரு மூச்சும் புத்துணர்வாக! இன்றே வாங்குங்கள்!"

"விளம்பரம் பண்ண இந்த நம்பர்தான் கெடச்சுதா? வைம்மா!" என்று மறுமுனையில் இருந்தவர் எரிந்து விழுந்தார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி எதிர்வீட்டு ஜமீலாவின் கதவை உதைத்தாள். அக்கா என்று கூப்பிடவும் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதவு திறந்ததும் குழந்தையை அப்படியே நீட்டினாள்.

"யா அல்லாஹ்! புள்ள இப்படிக் கெடக்குதே! வண்டிய எடுக்கறேன், வா கண்ணு!"

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிதுனா கண் விழித்தாள்.

"அம்மா, எனக்குச் சரியாயிருமா?"

கோகிலா தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லும்மா" என்று குழந்தை அழத் தொடங்கியது.

கோகிலா தன் வாயை இரு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டாள்.