திபேரியஸின் காது

கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுச் சமையலறை யன்னல் வழியே பனியின் வெளிச்சம் மேசையில் விழுகிறது. அங்கே சச்சிதானந்தன் அண்ணையின் உள்ளங்கையில், பத்து வருடமாக நான் ஏலம் ஏலமாகத் தேடியும் கிடைக்காத ரோமச் சக்கரவர்த்தி திபேரியஸின் தலை பொறித்த வெள்ளிக்காசு. காசு சேர்க்கத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத மனிதர். சாமிப்படத்தடியிலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை தொட்டு, வெள்ளிக் குங்குமச் சிமிழை மினுக்குவதுபோல் தேய்க்கிறார். இரண்டாயிரம் வருடக் கறுப்பு அவர் பெருவிரலில் ஏறுகிறது. அந்தக் கறுப்புத்தான் காசின் மதிப்பு. அது போனால் சேகரிக்கிறவன் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். சொல்லத்தான் வாய் திறக்கிறேன்.

"வடிவா மினுங்குதெல்லே, வீரக்குட்டி?" என்று தூக்கிக் காட்டுகிறார். என் கண் கூசுகிறது.

"ஓம் அண்ணை. காதடியில இன்னும் கொஞ்சம் கறுப்பிருக்கு," என்று தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறேன்.