ஜோடிக் குடும்பம்

இந்தியாவும் பிலிப்பைன்ஸும் கடற்படைகளை ஒன்றாக்கிய பிறகு, ஒவ்வொரு மாலுமியின் வீட்டுக்கும் மற்ற நாட்டில் ஒரு ஜோடிக் குடும்பம். தூத்துக்குடி பிலோமினாவுக்கு, செபுத் தீவின் கொராசோன். அவர்களின் மகன்கள் டெலிஸும் ரமோனும் ஒரே கப்பலில். இரண்டு அடுப்படிகளின் காணொளித் திரைகளும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். இங்கே பேசுவது அங்கே அவர்கள் மொழியில் கேட்கும்.

அன்று பிலோமினா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்படி வாசலில் ஓர் அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"எம் மவனாய்யா?"

"இல்லம்மா," என்று திரைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "டெலிஸ் நல்லா இருக்கான். கூட இருந்த ரமோன்தான் போயிட்டான். நீங்கதான் அவங்க அம்மாவுக்குப் பக்குவமா சொல்லணும். அதான் முறை."

"மாதாவே, என் வயித்துல பால வாத்தியே," என்று சுவரில் சாய்ந்தாள் பிலோமினா.

மறுகணம் அதே நன்றி திரைக்குள் செபு மொழியில் ஒலித்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கொராசோனின் கை அப்படியே நின்றது.